வானத்துக்கு விரித்த எவர்சில்வர் வலை

மட்டாஞ்சேரி பஜாரில் மிளகுக் கிடங்கு ஒன்றில் கணக்கெழுதும் தமிழ்க் குமாஸ்தா ஒருவர், மைத்துனர் மகள் கல்யாணத்துக்காகக் குடும்பத்தோடு உதகமண்டலம் போயிருந்தார். மைத்துனர் பாலாடா பக்கம் உருளைக்கிழங்கும் காரட்டும் பயிர் செய்பவர். கல்யாணம் முடிந்த மறுநாள் காலை, விருந்தாளியையும் அவருடைய பிளஸ் டூ படிக்கும் மகனையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு முத்தோரை வழியாகத் தோட்டத்துக்குப் போனார். வழியில் எதிர் மலைச்சரிவைப் பார்த்துக் குமாஸ்தா திகைத்துவிட்டார். அடிவாரத்திலிருந்து உச்சி வரை வரிசையாக இரும்புச் சட்டங்கள். சட்டத்துக்குச் சட்டம் இழுத்துக் கட்டிய கம்பிகள் வெயிலில் மினுமினுத்தன.

"என்ன மச்சான், மலை முழுக்க வேலி போட்டிருக்காங்க? காட்டெருமை வராமல் இருக்கவா?"

"வேலி இல்லை மாப்பிள்ளை, டெலஸ்கோப்பு."

"டெலஸ்கோப்பா? கண்ணாடியையே காணோமே!"

மைத்துனருக்கு அதற்கு மேல் விவரம் தெரியவில்லை. "நான் சின்னப் பையனா இருந்ததிலிருந்து அங்கேதான் நிக்குது. காலையில் ஒரு பக்கம் சாய்ஞ்சிருக்கும், சாயந்தரம் பார்த்தா இன்னொரு பக்கம் சாய்ஞ்சிருக்கும்" என்று மட்டும் சொன்னார். ஆனால் பையன் விடவில்லை. கொச்சிக்குத் திரும்பும் வரை ரயிலில் அதே பேச்சுத்தான். கடைசியில் குமாஸ்தா கேட்டார்: "சரிடா, இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்? இதைப் படிச்சா சோறு கிடைக்குமா?"

தகப்பன் கேட்டதும் நியாயமான கேள்வி, மகன் கேட்டதும் நியாயமான கேள்வி. நம்மில் பலர் நீலகிரித் தேயிலையைக் கொச்சியில் இருந்தபடியே குடிப்பவர்கள். அந்த மலையின் தேயிலையில் ஒரு பகுதி வெலிங்டன் தீவுக்கு இறங்கி வந்து ஏலத்துக்குப் போகிறது. தேயிலை விலை தெரிந்த நமக்கு, அதே மலையில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துவரும் இந்த வேலை தெரியாமலே போய்விட்டது.

இரைச்சலில் பிறந்த சாஸ்திரம்

வீட்டில் டிரான்சிஸ்டர் ரேடியோ வைத்திருந்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். நிலையத்துக்கும் நிலையத்துக்கும் நடுவே முள்ளை நிறுத்தினால் 'உஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல் வரும். பக்கத்து அறையில் டியூப் லைட் போட்டால் 'படபட' என்னும். மின்னல் வெட்டினால் கரகரக்கும். இந்த இரைச்சலை ஆராயப் போனதில் பிறந்ததுதான் ரேடியோ வான ஆராய்ச்சி.

அமெரிக்காவின் பெல் டெலிபோன் கம்பெனி, கடல் கடந்து வயர்லெஸ் மூலம் பேசும்போது இடையூறாக வரும் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும்படி கார்ல் ஜான்ஸ்கி என்ற இளம் என்ஜினீயரிடம் சொல்லியது. அவர் பழைய போர்டு கார்ச் சக்கரங்களின் மேல் ஒரு பெரிய ஆன்டெனாவைக் கட்டி, ராட்டினம் போலச் சுற்ற விட்டார். இடிமழை இரைச்சல் ஒன்று, தூரத்து இடியின் இரைச்சல் ஒன்று, இவை இரண்டும் போக மூன்றாவதாக மெல்லிய ஓர் இரைச்சல் தினமும் வந்தது. அது முதல் நாள் வந்த நேரத்துக்கு மறுநாள் வரவில்லை. தினம் 4 நிமிஷம் முன்னதாக வந்தது. சூரியன் சம்பந்தப்பட்டதாக இருந்தால் 24 மணிக் கணக்கில் வரவேண்டும். 23 மணி 56 நிமிஷத்துக்கு ஒரு முறை வருபவை நட்சத்திரங்கள். ஆக, இரைச்சல் வந்தது நம் பூமியிலிருந்து அல்ல, பால்வீதியிலிருந்து! 1933-ல் ஜான்ஸ்கி இதை வெளியிட்டார். ரயில் டைம்டேபிளைப் பார்த்து எந்த வண்டி எந்த ஊரிலிருந்து வருகிறது என்று சொல்வது போன்ற துப்பறிவு இது.

கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் ரேடியோ அலையும் ஒரே ஜாதிதான். அலையின் நீளம்தான் வேறு. வெளிச்சத்தைப் பிடிக்கக் கண்ணாடி வேண்டும். ரேடியோ அலையைப் பிடிக்கக் கம்பி போதும். முத்தோரையில் கண்ணாடி இல்லாததற்குக் காரணம் இதுதான்.

கப்பல் கூலித் தகராறு

முத்தோரைத் தொலைநோக்கியை உருவாக்கியவர் டாக்டர் கோவிந்த் ஸ்வரூப். உத்தரப் பிரதேசம் தாகுர்துவாராவில் 1929-ல் பிறந்தவர். ஆனால் அவரை இந்த வழியில் திருப்பி விட்டவர் ஒரு தமிழர் என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது. வத்திராயிருப்பில் பிறந்து, சர் சி.வி.ராமனோடு ஆராய்ச்சி செய்து, டெல்லி தேசியப் பௌதிக ஆய்வுக் கூடத்தின் தலைவராக இருந்த டாக்டர் கே.எஸ்.கிருஷ்ணன்தான் அவர். 1952-ல் சிட்னியில் நடந்த ஒரு மகாநாட்டுக்குப் போன கிருஷ்ணன், அங்கே ரேடியோ வான ஆராய்ச்சி செழித்து வருவதைப் பார்த்தார். தம் கூடத்தில் வேலை பார்த்த இளைஞர் ஸ்வரூப்பை 1953-ல் கொழும்புத் திட்டத்தின் கீழ் சிட்னிக்கு அனுப்பி வைத்தார்.

அங்கே சூரியனைக் கவனிக்க 6 அடி விட்டமுள்ள 32 தட்டு ஆன்டெனாக்களை வரிசையாக வைத்திருந்தார்கள். அவற்றின் உபயோகம் முடிந்ததும், "இந்தியாவுக்குக் கொடுங்களேன்" என்று ஸ்வரூப் கேட்டார். ஆஸ்திரேலியர்கள் சும்மாவே கொடுக்கச் சம்மதித்தார்கள். ஆனால் கப்பல் கூலியை யார் கொடுப்பது? அங்கே ஆரம்பித்தது தகராறு. நமக்கோ அன்னியச் செலாவணித் தட்டுப்பாடு. இலவசமாகக் கிடைத்த சரக்கு, கூலி தீராமல் துறைமுகத்துக்கு அந்தப் பக்கமே கிடந்தது. கொச்சித் துறைமுகத்தில் கிளியரிங் வேலை பார்க்கும் வாசகர்களுக்கு இது புதுக் கதை அல்ல! காத்திருந்து சலித்த ஸ்வரூப் 1956-ல் அமெரிக்கா போய்விட்டார். தட்டுகள் அதற்குப் பிறகு வந்து சேர்ந்தன. 1965-ல்தான் பம்பாய்க்கு அருகே கல்யாணில் அவை வேலை செய்யத் தொடங்கின.

அதற்கிடையே 1961-ல் வெளிநாட்டிலிருந்த நான்கு இந்திய விஞ்ஞானிகள் சேர்ந்து ஒரு திட்டம் எழுதி அனுப்பினார்கள். ஸ்வரூப், டி.கே.மேனன், எம்.ஆர்.குண்டு, டி.கிருஷ்ணன் ஆகிய நால்வர். தாய்நாட்டில் ரேடியோ வான ஆராய்ச்சியைத் தொடங்கத் தாங்கள் தயார் என்றது அந்தக் கடிதம். கடிதத்தைப் படித்த டாக்டர் ஹோமி பாபா பைலில் கட்டி வைக்கவில்லை. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் அப்படி ஒரு குழு அமைப்பதென்று முடிவு செய்துவிட்டதாக 1962 ஜனவரியில் தந்தியே அடித்துவிட்டார். ஸ்வரூப் 1963-ல் திரும்பி வந்தார். சர்க்கார் காரியம் இந்த வேகத்தில் நடந்தது என்றால் இன்றைக்கும் நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

மலை செய்த பாதி வேலை

ஸ்வரூப்புக்கு வேண்டியிருந்தது மிகப் பெரிய தொலைநோக்கி. கையில் இருந்ததோ ஏழை நாட்டின் பணம். பெரிய தட்டை எல்லாத் திசையிலும் திருப்ப வேண்டுமானால் கோடி கோடியாய்ச் செலவாகும். இங்கேதான் அவருடைய மூளை வேலை செய்தது. அதை நம் ஊரிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

பூமி ஓர் அச்சில் சுழல்கிறது. அந்த அச்சு வடக்கே துருவ நட்சத்திரத்தை நோக்கி நிற்கிறது. அதனால்தான் எல்லா நட்சத்திரமும் கிழக்கிலிருந்து மேற்கே நகர, துருவ நட்சத்திரம் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அது அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் தெரிகிறதோ அதுவே அந்த ஊரின் அட்சரேகை. கொச்சிக்கு வந்த பாய்மரக் கப்பல்காரர்கள் இதை வைத்துத்தான் ஊர் பிடித்தார்கள். மட்டாஞ்சேரியில் அது 10 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஒரு முஷ்டி உயரம். உதகையில் 11 டிகிரிக்குச் சற்று அதிகம்.

இப்போது ஒரு நீண்ட தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதைத் தெற்கு வடக்காக, துருவ நட்சத்திரத்தைப் பார்த்தபடி சாய்த்து வைத்தால் அது பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும். பூமி கிழக்கே உருள, தொட்டியை அதே வேகத்தில் மேற்கே உருட்டினால் போதும். ஒரு நட்சத்திரத்தைப் பிடித்த பிடி விடாமல் மணிக்கணக்கில் தொடரலாம். ஒரே ஓர் அசைவு. ஆனால் அரைக் கிலோ மீட்டர் நீளத் தொட்டியின் ஒரு முனையை 11 டிகிரி தூக்கி நிறுத்துவது யார்? மலை நிறுத்தும்! தெற்கு வடக்காக 11 டிகிரி ஏறும் ஒரு மலைச்சரிவு 11 டிகிரி அட்சரேகையிலேயே கிடைத்தால் போதும். தென்னிந்திய மலைகளில் அப்படி ஒரு சரிவைத் தேடி அலைந்து, முத்தோரையில் கண்டுபிடித்தார்கள்.

நீலகிரி மலை ரயிலில் போனவர்களுக்கு ஒரு கணக்கு. கல்லாறு முதல் குன்னூர் வரை பல்சக்கரம் பிடித்து ஏறும் அந்தப் பாதையில் மிகச் செங்குத்தான இடம், சுமார் 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். முத்தோரைச் சரிவு சுமார் 5 அடிக்கு ஓர் அடி. அந்தச் சரிவில் 530 மீட்டர் நீளத்துக்குத் தொலைநோக்கி படுத்திருக்கிறது. 24 பெட்டி கோத்த எக்ஸ்பிரஸ் ரயிலும் ஏறக்குறைய அவ்வளவுதான் நீளம். இதைத் தாங்கும் சட்டங்களும் 24தான் என்பது வேடிக்கையான பொருத்தம். தென்கோடியை விட வடகோடி சுமார் 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

தொட்டி என்று சொன்னோமே தவிர, அது தகட்டால் செய்த தொட்டி அல்ல. போர்ட் கொச்சியின் சீன வலையை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். மரக்கம்புகளுக்குப் பதில் வளைந்த இரும்புச் சட்டங்கள். நூல் வலைக்குப் பதில் எவர்சில்வர் கம்பிகள். ஒவ்வொரு கம்பியும் 0.38 மில்லி மீட்டர் கனம்தான், தையல் ஊசியை விட மெல்லியது. அப்படி 1,100 கம்பிகள், ஒவ்வொன்றும் 530 மீட்டர். எல்லாவற்றையும் ஒன்றோடொன்று முடிந்தால் 583 கிலோ மீட்டர் வரும். எர்ணாகுளத்தில் ஒரு முனையைக் கட்டிவிட்டுச் சென்னை மெயிலில் ஏறினால் காட்பாடி வரை எட்டும்.

வலைக்குள் இவ்வளவு ஓட்டை இருந்தால் அலை நழுவி விடாதா? நழுவாது. இந்தத் தொலைநோக்கி பிடிக்கும் அலையின் நீளம் 92 சென்டி மீட்டர். கம்பிக்கும் கம்பிக்கும் இடைவெளியோ சில சென்டி மீட்டர். மீனை விட வலைக்கண் சிறியது. ஆனால் காற்று, வலைக்குள் தண்ணீர் போவது போலப் புகுந்து போய்விடும். தகடாக அடித்திருந்தால் நீலகிரிக் காற்று ஒரே பருவத்தில் பிய்த்து எறிந்திருக்கும்.

வலையில் பட்டுத் திரும்பும் அலைகள் நடுவே நீளவாக்கில் ஓடும் ஒரு கோட்டில் குவிகின்றன. அந்தக் கோட்டில் 1,056 சிறு ஆன்டெனாக்கள். முன்பு நம் ஓட்டு வீடுகளின் மேல் நின்ற டி.வி. ஆன்டெனாவின் ஒற்றைக் குறுக்குக் கம்பி போன்றவை. கிழக்கு மேற்காகத் திருப்ப மோட்டார் உண்டு. வடக்கு தெற்காகத் திருப்புவதற்கு இரும்பை அசைப்பதே இல்லை. ஒவ்வோர் ஆன்டெனாவிலிருந்தும் வரும் சமிக்ஞையை மின்சார முறையில் சற்று முன்பின்னாகச் சேர்த்தாலே பார்வை திரும்பிவிடுகிறது.

வலையின் பரப்பு கிட்டத்தட்ட 4 ஏக்கர். ஒரு நட்சத்திரத்தை விடாமல் தொடரக்கூடிய நேரம் ஒன்பதரை மணி. டிசைன் முதல் கட்டுமானம் வரை இந்தியர்களே செய்தது. 1966 ஜனவரியில் பாபா விமான விபத்தில் இறந்தபோது வேலை பாதியில் நின்றுவிடுமோ என்ற கவலை இருந்திருக்க வேண்டும். நிற்கவில்லை. அவருக்குப் பின் அந்த நிறுவனத்தின் தலைமைக்கு வந்தவர் எம்.ஜி.கே.மேனன். ஸ்வரூப்போடு என்.வி.ஜி.சர்மா, எம்.என்.ஜோஷி, வி.கே.கபாஹி, டி.எஸ்.பாக்ரி, எஸ்.அனந்தகிருஷ்ணன், வி.பாலசுப்பிரமணியன் முதலானோர் உழைத்தார்கள். பலரும் அப்போது இளைஞர்கள். 1970-ல் தொலைநோக்கி கண் திறந்தது.

சந்திரன் என்னும் கப்பல்

இதை முதலில் எதற்குக் கட்டினார்கள் என்பதைப் போர்ட் கொச்சிக் கரையில் நின்றே விளக்கிவிடலாம். இரவில் எதிரே வைப்பின் கரையில் ஒரு விளக்கு தெரிகிறது. நடுவே ஒரு கப்பல் துறைமுகத்துக்குள் நுழைகிறது. கப்பலின் மூக்கு விளக்கை மறைக்கும் அந்த விநாடியைக் குறித்துக்கொண்டு, அந்த விநாடியில் கப்பலின் மூக்கு எங்கே இருந்தது என்பதும் தெரிந்தால், விளக்கு எந்த நேர்கோட்டில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஒற்றை விளக்கானால் சட்டென்று மறையும். நீளமான விளக்கு வரிசையானால் மெல்ல மெல்ல மறையும். அதிலிருந்து அதன் அகலத்தையும் சொல்லிவிடலாம்.

வானத்தில் அந்தக் கப்பல் வேலையைச் செய்வது சந்திரன். அது எந்த விநாடியில் எங்கே இருக்கும் என்பது துல்லியமாகத் தெரிந்த சங்கதி. தூரத்து ரேடியோ மூலங்களை ஒவ்வொன்றாக அது மறைத்துக்கொண்டே போகிறது. 1962-ல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் சிரில் ஹாஸார்டு இந்த முறையில்தான் ஒரு ரேடியோ மூலத்தின் இடத்தைக் கச்சிதமாகக் குறித்தார். மறு ஆண்டே அது 200 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் உள்ள குவாஸர் என்று அமெரிக்காவில் மார்டன் ஷ்மிட் கண்டுபிடித்தார். இந்தச் செய்தியைப் படித்தபோதுதான் ஸ்வரூப்புக்குச் சந்திரனையே நாள் தவறாமல் துரத்தும் ஒரு தொலைநோக்கி வேண்டும் என்ற எண்ணம் உதித்தது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்து நாடாக இருப்பது அதற்கு வசதி.

1970-களில் உதகையில் சந்திரன் ஆயிரத்துக்கு மேற்பட்ட மூலங்களை மறைத்த விவரம் பதிவாயிற்று. அப்போதெல்லாம் காகிதச் சுருளில் பேனா முள் கோடு இழுத்துக்கொண்டே போகும். மூலம் மறையும்போது கோடு தடுக்கி விழும், வெளிவரும்போது ஏறும். எவ்வளவு துல்லியம்? சுமார் 5 கிலோ மீட்டருக்கு அப்பால் ஒரு ரூபாய் நாணயத்தைப் பிடித்தால் எவ்வளவு சிறிதாகத் தெரியுமோ, அந்த அளவை எடுத்துச் சொல்லும் துல்லியம்.

அதில் தெரிந்தது என்ன? அந்தக் காலத்தில் விஞ்ஞானிகளுக்குள் ஒரு பெரிய வழக்கு நடந்துகொண்டிருந்தது. பிரபஞ்சம் ஒரு காலத்தில் வெடித்துப் பிறந்து மாறிக்கொண்டே வருகிறது என்பது ஒரு கட்சி. இல்லை, எக்காலத்திலும் அது ஒரே மாதிரிதான் இருந்தது என்பது பிரெட் ஹோய்ல் முதலானோரின் கட்சி. 1965-லேயே ஹோய்ல் கட்சிக்குப் பலத்த அடி விழுந்துவிட்டது உண்மை. உதகை வேறு ஒரு பக்கத்திலிருந்து சாட்சி சொன்னது. மங்கலாகத் தெரியும் மூலங்கள் சராசரியாக மிகத் தூரத்தில் இருப்பவை. மிகத் தூரம் என்றால் மிகப் பழைய காலம், ஏனென்றால் அலை வந்து சேரவே கோடிக் கணக்கான வருஷங்கள் ஆகின்றன. அந்தப் பழங்காலத்து ரேடியோ மண்டலங்கள் இப்போதையவற்றை விட அளவில் சிறியவை என்று 1975-ல் ஸ்வரூப்பும் கபாஹியும் காட்டினார்கள். அதாவது, பிரபஞ்சம் மாறியிருக்கிறது. இதில் ஒரு சுவாரஸ்யம்: ஹோய்லின் சீடரும் அந்தக் கட்சியின் வக்கீலுமான ஜெயந்த் நார்லிகர் அப்போது ஸ்வரூப்பின் அதே டாட்டா நிறுவனத்தில்தான் வேலை பார்த்தார். வாதி பிரதிவாதி இருவரும் ஒரே ஆபீஸ்!

லீவு இல்லாத வேலை

காவலூரில் உள்ளது போன்ற கண்ணாடித் தொலைநோக்கிகளுக்கு இரவு வேண்டும், மேகமில்லாத வானம் வேண்டும். மழைக்காலத்தில் கதவைச் சாத்திவிட வேண்டியதுதான். 92 சென்டி மீட்டர் அலைக்கு மேகமும் தெரியாது, பனிமூட்டமும் தெரியாது, பகலும் தெரியாது. ஆகவே முத்தோரையில் ஓய்வு என்பது ரிப்பேர் நேரம் மட்டும்தான். கட்டுப்பாட்டு அறை, ரயில்வே சிக்னல் கேபின் மாதிரி. வண்டி வராத நேரத்திலும் ஆள் விழித்திருக்க வேண்டும்.

கடல் மட்டத்துக்கு மேல் 7,000 அடிக்கும் அதிக உயரம். டிசம்பர், ஜனவரியில் புல்லின் மேல் உறைபனி. ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. 1,100 கம்பிகளில் ஒன்று அறுந்தாலும் மேலே ஏறி இழுத்துக் கட்ட வேண்டும். மோட்டார், கியர், தாங்கி உருளைகளுக்கு மசகு போட வேண்டும். ஆயிரத்துச் சொச்சம் ஆன்டெனாவில் எது ஊமையாகிவிட்டது என்று தேடிப் பிடிக்க வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் ஏ.ஜே.செல்வநாயகம் முதலான என்ஜினீயர்கள் 1,056 ஆன்டெனாவுக்கும் ஒவ்வொரு ஒலிபெருக்கியாக, அதாவது சமிக்ஞையைப் பெரிதாக்கும் கருவியாகப் பொருத்திப் புதுப்பித்தார்கள். அதனால் அதன் கூர்மை பல மடங்காயிற்று.

பத்திரிகையில் விஞ்ஞானிகளின் பெயர்தான் வரும். அது முறைதான். ஆனால் சரிவான மலையில் கம்பி இழுத்தவரும், வெல்டிங் வைத்தவரும், மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு சட்டத்தின் மேல் ஏறியவரும் இல்லாமல் ஒரு நட்சத்திரமும் அகப்பட்டிருக்காது. பிட்டர், எலக்ட்ரீஷியன், டிராப்ட்ஸ்மேன், டிப்ளமா படித்த எலக்ட்ரானிக்ஸ்காரர், கணக்கர், டிரைவர் என்று ஒரு தொழிற்சாலைக்கு உரிய அத்தனை பேரும் ஓர் ஆராய்ச்சிக் கூடத்துக்கு வேண்டும். குமாஸ்தாவின் 'சோறு' கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

மீதிப் பாதி? இன்று உதகையின் முக்கிய வேலைகளில் ஒன்று சூரியக் காற்றைக் கண்காணிப்பது. சூரியனிலிருந்து மின்னேற்றம் கொண்ட துகள்கள் விநாடிக்குச் சுமார் 400 கிலோ மீட்டர் வேகத்தில் எப்போதும் வீசிக்கொண்டிருக்கின்றன. சீற்றம் வந்தால் வேகம் இரட்டிப்பாகும், அதற்கு மேலும் போகும். அந்தப் புயல் பூமியைத் தாக்கினால் செயற்கைக் கோள்கள் கெடலாம், நெடுந்தூர வயர்லெஸ் அடைத்துப் போகலாம். நடுக்கடலில் இருக்கும் கப்பலுக்கு இது சின்ன விஷயமல்ல. இந்தக் காற்றின் ஊடே வரும் ரேடியோ மூலங்கள், அடுப்புச் சூட்டுக்கு அப்பால் தெரியும் விளக்குப் போல மினுமினுக்கும். அந்த மினுமினுப்பை அளந்தால் காற்றின் வேகம் தெரியும். இந்த ஆராய்ச்சியில் உதகையின் பெயரை உலகில் நிலைநாட்டியவர்களில் பி.கே.மனோகரன் முக்கியமானவர்.

விநாடிக்குச் சுமார் 11 தடவை சுற்றும் 'வேலா' என்ற பல்ஸார் நட்சத்திரத்தையும் முத்தோரை கவனித்து வருகிறது. கடிகாரம் போல ஓடும் அது, சில வருஷத்துக்கு ஒருமுறை திடீரென்று ஒரு துளி வேகம் கூடிவிடும். எப்போது என்று யாருக்கும் தெரியாது. அதனால் விடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மைக்ரோவேவ் அடுப்பு செய்த வேலை

இத்தகைய கூடங்களுக்குப் பெரிய எதிரி யார் என்று நினைக்கிறீர்கள்? நாம்தான். விண்ணிலிருந்து வரும் சமிக்ஞை அவ்வளவு பலவீனமானது. சந்திரனில் ஒரு செல்போனை வைத்துப் பேசினால், வானத்திலேயே மிகப் பலமான ரேடியோ மூலங்களின் வரிசையில் அதுவும் வந்துவிடும்! பூமியிலோ ஆளுக்கொரு செல்போன். மோட்டார் வண்டியின் ஸ்பார்க் பிளக், வெல்டிங் மெஷின், மலிவான சார்ஜர் என்று எல்லாமே ரேடியோ இரைச்சல் போடுகின்றன. அமெரிக்காவில் கிரீன் பாங்க் கூடத்தைச் சுற்றி 13,000 சதுர மைலை 1958-ல் அமைதிப் பிரதேசமாக அறிவித்தார்கள். அதன் நெருங்கிய எல்லைக்குள் வயர்லெஸ் சாதனம் வைக்கக் கெடுபிடி உண்டு.

பார்க்ஸில் நடந்த கூத்து இன்னும் வேடிக்கை. விசித்திரமான துடிப்புகள் பதிவாகி, வருஷக் கணக்கில் விஞ்ஞானிகளைக் குழப்பின. அவை பெரும்பாலும் பகலில், சாப்பாட்டு வேளையை ஒட்டி வந்தன. 2015-ல் குட்டு வெளிப்பட்டது. கூடத்தில் இருந்த மைக்ரோவேவ் அடுப்பு நிற்பதற்கு முன்பே யாரோ அவசரப்பட்டுக் கதவைத் திறந்தபோது கசிந்த அலைதான் அது! பசித்தவரைக் குறை சொல்லவும் முடியாது.

அதே ஆஸ்திரேலிய ரேடியோ வான விஞ்ஞானிகளில் ஒருவரான ஜான் ஓ'சல்லிவன், விண்ணின் கலங்கிய சமிக்ஞையைத் தெளிவாக்கக் கற்ற கணக்கைக் கொண்டு 1990-களில் செய்த கண்டுபிடிப்பு, இன்று நம் கைப்பேசியில் உள்ள வைபையில் சேர்ந்திருக்கிறது. நட்சத்திரத்தைக் கேட்கப் போனவர்கள் நமக்குக் கொடுத்தது வைபை. இப்போது நட்சத்திரத்தைக் கேட்கவிடாமல் தடுப்பதும் வைபை.

முத்தோரையைப் பொறுத்தவரை மலை ஓரளவு காப்பாற்றி வருகிறது. அண்டை அயல் உருளைக்கிழங்குத் தோட்டம். மத்திய சர்க்காரின் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையமும் அங்கேதான். ஆனால் ஊட்டிக்கு வரும் கூட்டமும் கட்டடமும் வருஷா வருஷம் பெருகுவதைப் பார்த்தவர்களுக்கு, மலையின் அமைதி எத்தனை நாள் என்று கவலைப்படத் தோன்றும்.

ஸ்வரூப் உதகையோடு நிற்கவில்லை. சரிவே வேண்டாத பூமத்திய ரேகை மேலேயே 2 கிலோ மீட்டர் நீளத்தில் ஒன்று கட்டலாம் என்று வெளிநாடுகளோடு சேர்ந்து போட்ட திட்டம் கைகூடவில்லை. பிறகு புனேக்கு வடக்கே நாராயண்காவ் பக்கம் கோடாத் கிராமத்தில் 45 மீட்டர் விட்டமுள்ள 30 தட்டுகளை 25 கிலோ மீட்டர் பரப்பில் நிறுத்தினார். அந்தத் தட்டுகளும் தகடு அல்ல, எவர்சில்வர் கம்பி வலைதான். முத்தோரையில் கற்ற பாடம். உலகெங்கிலும் இருந்து ஆராய்ச்சியாளர்கள் அங்கே வருகிறார்கள். ஸ்வரூப் 2020 செப்டம்பரில் தமது 91-ம் வயதில் காலமானார்.

கொச்சியிலேயே இதற்கு ஒரு தாயாதி உண்டு. திருக்காக்கரையில் கொச்சின் பல்கலைக் கழகக் கட்டடத்தின் மாடியில் 619 ஆன்டெனாக்கள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. அது நட்சத்திரத்துக்கு அல்ல, மழைக்காற்றை அளக்கும் ராடார். ஆனால் பல ஆன்டெனாவைச் சேர்த்து, அசைக்காமலே பார்வையைத் திருப்பும் வித்தை ஒன்றே.

மட்டாஞ்சேரிக் குமாஸ்தா இதையெல்லாம் கேட்டுவிட்டு, மகனை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. பி.எஸ்ஸி. பௌதிகம் என்கிறான் பையன். பாலிடெக்னிக் என்கிறார் தகப்பனார். இரண்டுக்கும் விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை இரவு தகப்பனும் மகனும் போர்ட் கொச்சிக் கரைக்குப் போனார்கள். சீன வலைகளுக்குப் பக்கத்தில் நின்று, வடக்கே வைப்பின் பக்கமாகக் கையை நீட்டி, முஷ்டி பிடித்துப் பார்த்தார்கள். துறைமுக வெளிச்சமும் கடல் மூட்டமும் சேர்ந்து, முஷ்டிக்கு மேலே ஒன்றுமே தெரியவில்லை.

"பரவாயில்லை அப்பா, அடுத்த தடவை மாமா வீட்டுக்குப் போறப்போ பார்த்துக்கலாம்" என்றான் பையன்.